ஆபரேஷன் வரைக்கும் படுத்தே இருக்கணுமா? புற்றுநோய் சிகிச்சையில் தசை செய்யும் வேலை என்ன?

"ஆபரேஷன் முடியுற வரைக்கும் ஒரு வேலையும் செய்யக் கூடாது. பேசாம படுங்கப்பா."

வயிற்றிலோ குடலிலோ புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த அடுத்த நாளே பல வீடுகளில் போடப்படும் முதல் சட்டம் இதுதான். கடைக்குப் போவது இனி மகன் வேலை. 20 லிட்டர் வாட்டர் கேனை பக்கத்து வீட்டுப் பையன் தூக்கி வைப்பான். மாடிப்படி ஏறக் கூடாது. சாப்பாடு? கஞ்சி, ரசம் சாதம், இட்லி. "கவுச்சி எல்லாம் இப்போதைக்கு வேண்டாம் மாமா, ஜீரணம் ஆகாது" என்று மருமகள் சொல்லிவிடுவார். யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லாமே அக்கறையில் செய்வதுதான்.

பிரச்னை என்னவென்றால், மூன்று நான்கு வாரம் இப்படி ஓய்வெடுத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் உடம்பு, ரிப்போர்ட் வந்த அன்று இருந்த உடம்பைவிட பலவீனமான உடம்பு. கட்டி அந்த நாட்களில் பெரிதாக வளராமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் தசை குறைந்திருக்கும். புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு யாருக்குத் தொற்று வருகிறது, யார் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதில் தசைக்குப் பெரிய பங்கு இருப்பதாக கடந்த 15, 20 ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

குமணன்சாவடியையே எடுத்துக்கொள்வோம். மவுன்ட் - பூந்தமல்லி சாலையில் மாங்காடு, குன்றத்தூர் போகிறவர்கள் திரும்பும் இடம். ஒரு பக்கம் போரூர், இன்னொரு பக்கம் வேலப்பன்சாவடி என்று கொஞ்ச தூரத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனைதான் என்றால் சென்னைக்குள் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அந்தப் பக்கம் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறவர்களும் உண்டு. ஆக, போக இடம் இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் எண்டோஸ்கோப்பி, பயாப்ஸி, சி.டி. ஸ்கேன், காப்பீட்டு அனுமதி, பெட், தேதி என்று ஒன்றன் பின் ஒன்றாக நாட்கள் ஓடும். சிலருக்கு முதலில் கீமோ கொடுத்து கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் ஆபரேஷன். அப்படியென்றால் மாதக்கணக்கில் ஆகும். இந்தக் காத்திருப்பு நேரத்தை வீட்டில் எல்லோரும் 'சும்மா இருக்கும் நேரம்' என்றே நினைக்கிறோம்.

எடை மெஷின் சொல்லாத கணக்கு

வயதாக ஆக தசையின் அளவும் பலமும் குறைவதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர். 1980-களின் கடைசியில் அமெரிக்காவைச் சேர்ந்த இர்வின் ரோசன்பெர்க் வைத்த பெயர் இது. கிரேக்க மொழியில் 'சதைக் குறைவு' என்று அர்த்தம். ரொம்ப நாள் இதை யாரும் நோயாகவே பார்க்கவில்லை. வயசானா அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். 2016-ல்தான் அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதற்குத் தனி எண்ணே கிடைத்தது.

புற்றுநோய் வந்தவர்களுக்கு இது வயதுக்குக் காத்திருப்பதில்லை. கட்டி இருக்கும் உடம்பில் அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் அதிகமாகச் சுரக்கின்றன. அவை பசியைக் குறைக்கும், தசைப் புரதத்தை உடைக்கும். உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய் என்றால் விழுங்குவதே சிரமம். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். சென்னையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய்க்கு நீண்ட காலமாகவே முன்வரிசையில் இடம் உண்டு என்பதால், நமக்கு இது தூரத்துப் பிரச்னை இல்லை.

"எடை குறையலையே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். எடை மெஷினுக்குக் கொழுப்புக்கும் தசைக்கும் வித்தியாசம் தெரியாது. கனடாவில் கார்லா பிராடோ குழுவினர் 2008-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரல், செரிமான மண்டலப் புற்றுநோய் இருந்தவர்களில் உடல் பருமனான 250 பேரின் ஸ்கேனைப் பார்த்தபோது, அதில் 38 பேருக்குத் தசை மிகக் குறைவாக இருந்தது. அதாவது 15 சதவீதம். வெளியில் பார்க்க வாட்டசாட்டம், உள்ளே தசை இல்லை. மற்ற பருமனானவர்களைவிட இவர்கள் உயிர் வாழ்ந்த காலமும் குறைவு.

இந்த விஷயத்தில் இந்தியர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல். புனேவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் தன்னையும் பிரிட்டன் நண்பர் ஜான் யூட்கினையும் ஒப்பிட்டு 2004-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட படம் ரொம்பப் பிரபலம். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடையில் நமக்குக் கொழுப்பு அதிகம், தசை கம்மி. நோய் வருவதற்கு முன்பே நம் கையிருப்பு குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன்ல தசைக்கு என்ன வேலை?

கையைக் காலை அசைக்கத்தானே தசை, குடலில் கத்தி வைப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பெரிய அறுவை சிகிச்சை முடிந்ததும் உடம்புக்கு உடனடியாக நிறையப் புரதம் தேவைப்படுகிறது. வெட்டி இணைத்த குடல் ஒட்ட வேண்டும், தோல் மூட வேண்டும், கிருமிகளோடு சண்டை போட வெள்ளணுக்கள் வேண்டும். அந்த நேரத்தில் நோயாளியால் சரியாகச் சாப்பிட முடியாது. அப்போது உடம்பு கைவைக்கும் ஒரே பெரிய இருப்பு தசைதான். கொழுப்பில் இருந்து சக்தி எடுக்கலாம், புரதம் எடுக்க முடியாது. மாதக் கடைசியில் நகையை அடகு வைப்பது மாதிரி, உடம்பு தசையை உடைத்துத்தான் அந்த நாட்களை ஓட்டுகிறது. அடகு வைக்க நகையே இல்லை என்றால்?

இரண்டாவது விஷயம் இருமல். வயிற்றில் தையல் போட்டிருக்கும்போது இருமுவதே வலி. ஆனால் சளியை இருமி வெளியே தள்ளாவிட்டால் நுரையீரலில் தேங்கி நிமோனியா வரும். இருமுவதற்கு வயிற்றுத் தசை, விலா எலும்புத் தசை, உதரவிதானம் எல்லாம் வேலை செய்ய வேண்டும். ஆபரேஷன் முடிந்த மறுநாளே நர்ஸ் வந்து "எழுந்து உட்காருங்க, நடங்க" என்று விரட்டுவது கொடுமைக்காக இல்லை. எழுந்து உட்கார தொடைத் தசை வேண்டும். அது இல்லாதவர் படுத்தே கிடப்பார். படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும்.

எண்களில் பார்க்கலாம். கனடாவில் பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்ட 234 பேரை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வில், தசை குறைந்தவர்களில் 23.7 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. மற்றவர்களில் 12.5 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மருத்துவமனையில் இருந்த நாட்கள் சராசரியாக 15.9, மற்றவர்களுக்கு 12.3. மூன்றரை நாள் என்பது காகிதத்தில் சின்ன எண். கூடவே தங்குகிற மகனுக்கோ மகளுக்கோ அது அரை வாரச் சம்பளம்.

நம்மைப் போன்ற நாடுகளின் நிலை இன்னும் மோசம். 75 நாடுகளில் குடல், இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்ட 5,709 பேரை வைத்து 'குளோபல்சர்ஜ்' குழு செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. மொத்தத்தில் மூன்றில் ஒருவர் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார்கள். ஏழை நாடுகளிலும் கீழ்-நடுத்தர வருமான நாடுகளிலும் இது சுமார் 63 சதவீதம். இந்தியா இந்தக் கீழ்-நடுத்தர வருமான வரிசையில்தான் வருகிறது. இந்த நாடுகளில் ஆபரேஷன் முடிந்து 30 நாளுக்குள் நடந்த இறப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இந்தக் குறைபாட்டோடு தொடர்பு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடும் தசை இழப்பும் ஒன்றல்ல. ஆனால் நம் வார்டுகளில் இரண்டும் பெரும்பாலும் ஜோடியாகவே வரும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். தசை குறைவு சிக்கலுக்குக் காரணமா, அல்லது நோய் முற்றியதன் அடையாளமா என்ற கேள்விக்கு இந்த ஆய்வுகளால் முழுசாகப் பதில் சொல்ல முடியாது. நோய் தீவிரமானவருக்குத் தசையும் குறையும், சிக்கலும் வரும். அதனால்தான் "தசையை முன்கூட்டியே ஏற்றினால் பலன் இருக்கா?" என்று நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் முக்கியம். அதற்கு வருவோம்.

ஏற்கெனவே எடுத்த ஸ்கேன்லயே இருக்கு

தசையை அளக்கப் புதிதாக எதுவும் தேவையில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம். வயிற்றுப் புற்றுநோய் நோயாளிகள் எல்லோருக்கும் எப்படியும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். தொப்புளுக்குச் சற்று மேலே, இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் உடம்பைக் குறுக்காக வெட்டியது போல ஒரே ஒரு படத்தை எடுத்து, அதில் தசை எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கணினியில் அளந்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். அந்த ஒரு படம் மொத்த உடம்பின் தசையையும் ஓரளவு சரியாகக் காட்டிவிடும். தசைக்குள் கொழுப்பு ஊடுருவி இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். ஆனால் நம் கைக்கு வரும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு, நெறிக்கட்டி, கல்லீரல் பற்றியெல்லாம் இருக்கும். தசை பற்றி ஒரு வரி இருக்காது. அளக்கச் சொல்லி யாராவது கேட்டால்தானே எழுதுவார்கள்.

வீட்டுல எப்படிப் பார்ப்பது?

ஸ்கேன் வரை போகாமலேயே சில சோதனைகள் உண்டு. ஆசிய நாடுகளுக்காக நிபுணர் குழு ஒன்று 2019-ல் வகுத்த அளவுகோல்கள் இவை.

கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுசாக எழுந்து உட்காரணும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலத்தைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்பது நல்லது. பிளாஸ்டிக் சேர் வழுக்கும், சுவரோடு ஒட்டி வையுங்கள்.

அடுத்து கெண்டைக்கால் சுற்றளவு. தையல்காரர் டேப்பே போதும். ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. என்பதற்குக் கீழே இருந்தால் சந்தேகப்படலாம். டேப்பும் இல்லையா? ஜப்பானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: இரண்டு கை கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களைச் சேர்த்து வளையம் போட்டு கெண்டைக்காலின் தடிமனான இடத்தைச் சுற்றிப் பிடிப்பது. விரலுக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தசை குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். கால் வீக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த இரண்டும் சரியாக வராது.

மருத்துவமனையில் கைப்பிடி பலத்தைக் கருவியில் அளப்பார்கள். ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ எல்லைக்கோடு. வீட்டில் இதற்கு இணையான அறிகுறிகள் நமக்கே தெரியும்: ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்து இழுத்துத்தான் ஏறுகிறார், இந்தியன் டாய்லெட்டில் இருந்து எழ சுவரைப் பிடிக்கிறார். ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல்கள் இவை. நாம் சொல்வதில்லை, "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம்.

படுக்கை எவ்வளவு எடுத்துக்கொள்ளும்?

2007-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை. சராசரி வயது 67 இருக்கும், நல்ல ஆரோக்கியமான ஒரு டஜன் பேரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். நோய் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடும் உண்டு. பத்து நாள் முடிவில் கால்களில் இருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. கட்டியே இல்லாதவருக்கு இது. புற்றுநோயும் இருந்து, கஞ்சியும் குடித்து, "பேசாம படுங்கப்பா"வும் சேர்ந்தால் எவ்வளவு போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதற்கு எதிர்த் திசையில் போவதற்கு 'முன் மறுவாழ்வு' என்று சொல்லலாம். ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோதெரபி செய்வதை முன்பே தொடங்கிவிடுவது. கனடாவின் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மயக்கவியல் டாக்டர் பிரான்செஸ்கோ கார்லி இதில் முன்னோடி. அவர் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், குடல் புற்றுநோய் நோயாளிகள் 77 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்பிருந்தே நடை, தசைப் பயிற்சி, புரத உணவு, மன அமைதிப் பயிற்சி. இன்னொரு பகுதிக்கு இதே எல்லாம், ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு. எட்டு வாரம் கழித்து, பழைய நடைத் திறனுக்குத் திரும்பியவர்கள் முதல் பகுதியில் 84 சதவீதம், இரண்டாவதில் 62 சதவீதம். சிக்கல்களின் எண்ணிக்கையில் அப்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வித்தியாசத்தை 2023-ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. ஐரோப்பா, கனடா மருத்துவமனைகளில் 251 குடல் புற்றுநோய் நோயாளிகள். நாலு வாரம் பயிற்சி எடுத்தவர்களில் கடுமையான சிக்கல் வந்தது 17.1 சதவீதம் பேருக்கு, எடுக்காதவர்களில் 29.7 சதவீதம். எல்லாப் புற்றுநோய்க்கும் இதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அங்கே வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனையில் மேற்பார்வையோடு பயிற்சி, டயட்டீஷியன், மனநல ஆலோசனை, புகைபிடிப்பதை விட உதவி எல்லாம் இருந்தது. இங்கே வாரம் மூன்று நாள் ஷேர் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய் வருவதே பலருக்குக் கட்டுப்படியாகாது. ஆனாலும் அதில் பாதியை வீட்டு வாசலில் செய்ய முடியும்: தினமும் நடை, நாற்காலியில் எழுந்து உட்காருவது, மூச்சுப் பயிற்சி.

கஞ்சிக் கணக்கு

சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. புற்றுநோய் நோயாளிகளுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை என்கிறது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து அமைப்பின் வழிகாட்டி. 55 கிலோ எடையுள்ளவருக்கு 55-ல் இருந்து 82 கிராம் வரை.

ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் ஒரு கைப்பிடி அரிசிதான் இருக்கும். புரதம் சுமார் 2 கிராம். இட்லி ஒன்றுக்கும் அதே அளவுதான். ரசத்தில் பருப்புத் தண்ணீர் இருக்கிறது, பருப்பு இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய 6. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாகச் செய்தால் 10 கிராம். நூறு கிராம் கோழிக்கறி, மீன் என்றால் 20 கிராமைத் தொடும். ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குத் தரும் ஒரு கிலோ துவரம் பருப்பில் மொத்தம் சுமார் 220 கிராம் புரதம் இருக்கிறது. மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 7 கிராம், அதுவும் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்து. ரேஷன் பருப்பை மட்டும் நம்பி நோயாளியின் கணக்கை முடிக்க முடியாது.

அதனால் கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை. விழுங்க முடியாதவருக்கு அதுதான் இறங்கும். அந்தக் கஞ்சியிலேயே பாசிப்பருப்பைச் சரிபாதி சேர்த்து வேகவையுங்கள், வறுத்த வேர்க்கடலைப் பொடி ஒரு ஸ்பூன், பக்கத்தில் அவித்த முட்டை, நடுவில் தயிர். மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. கவுச்சி விஷயத்தில், சாப்பிட முடிகிற, பழக்கமுள்ள நோயாளிக்கு அதைத் தடுக்கப் பொதுவான மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

இன்னொரு பழக்கம், "ராத்திரி 12 மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூட கூடாது" என்பது. இப்போதைய மயக்கவியல் வழிகாட்டிகளின்படி பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பு வரை லேசான உணவு, 2 மணி நேரம் முன்பு வரை தெளிவான திரவம் பரவாயில்லை. வயிற்றில் அடைப்பு இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. நீங்களாக முடிவு செய்யாமல் மயக்க மருந்து டாக்டரிடம் நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பட்டினி கிடந்து, லிஸ்ட்டில் கடைசியாகி, நாளைக்கு என்று தள்ளிப்போகும்போது இரண்டு நாள் சாப்பாடு போய்விடுகிறது.

யாரைக் கேட்பது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் உண்டு, கீமோ உண்டு. ஆபரேஷனுக்கு முந்தைய இந்தத் தயாரிப்பையும் அந்தப் பட்டியலோடு சேர்த்துப் பேச வேண்டிய நேரம் இது என்று தோன்றுகிறது. ஒரு பிசியோதெரபிஸ்ட் நாலு தடவை வந்து போகிற செலவு, ஐ.சி.யு.வில் ஒரு நாள் செலவைவிட எவ்வளவு குறைவு!

ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கவாதம் வந்தவர்கள், படுத்த படுக்கையானவர்கள் வீடுகளுக்குத்தான் அவர்கள் அதிகம் போகிறார்கள். ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கும் ஒருவருக்கும் வந்து இரண்டு பயிற்சி சொல்லித்தர முடியுமா என்று அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். 104-லும் விவரம் கேட்கலாம்.

அடுத்த முறை சர்ஜனைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கையோடு எழுதிக்கொண்டு போங்கள். "இவர் நடக்கலாமா, எவ்வளவு தூரம்? டயட்டீஷியனைப் பார்க்க எழுதித் தருவீங்களா? ஸ்கேன்ல தசை எப்படி இருக்குன்னு சொல்ல முடியுமா?" முதல் கேள்வி கட்டாயம். ரத்தப்போக்கு, குடல் அடைப்பு, இதயக் கோளாறு, எலும்புக்குப் பரவிய நோய் இருப்பவர்கள் தானாகப் பயிற்சியை ஆரம்பிக்கக் கூடாது. தசை ஏறட்டும் என்று ஆபரேஷன் தேதியை நீங்களாகத் தள்ளிப்போடவும் கூடாது.

டாக்டர் சரி என்றால், காலையில் வெயில் ஏறுவதற்கு முன் 10 நிமிடம், சாயங்காலம் 10 நிமிடம். குமணன்சாவடி மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே நடப்பது ஆரோக்கியமானவர்களுக்கே சவால் என்பதால், உள்தெருவோ மொட்டை மாடியோ நல்லது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சு வாங்கி வாக்கியம் உடைந்தால் நின்றுவிடலாம். கூட ஒருவர் போகட்டும்.